மூன்று சட்டை போட்ட கிழவர்

அத்தியாயம் 4

வடக்கு வாசலில் காலை முழுவதும் வீணாகிவிட்டது. கெங் மதில் சுவரில் சாய்ந்து, ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தான். பிங்யாவ் என்ற அந்தப் பழைய சீன மதில் ஊரின் பாதிப் புழுதி அதிலிருந்து கொட்டியது.

“அக்கா, இந்த மதிலைக் கட்டினவன் எதிரி உள்ளே வரக் கூடாதுன்னுதான் கட்டினான். நம்மாளு எப்படியோ வெளியே போயிட்டார். அப்போ தப்பு கட்டினவன் மேல. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிட்டு ஊருக்குப் போயிடலாமா?”

லெய் கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நான்கு வயது. தைய்யுவான் நகரப் போலீஸில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, மேலதிகாரியின் மேஜைமேல் தொப்பியை வைத்துவிட்டு வந்தவள். இப்போது ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. வாசல் பலகையில் ‘குடும்ப ஆலோசனை நிலையம்’ என்று எழுதியிருக்கும். துப்பறிகிறோம் என்று எழுதச் சட்டம் விடாது. கெங் அவளுக்கு டிரைவர், போட்டோகிராபர், சாட்சி. வாயாடுவது மட்டும் சம்பளமில்லாத தனி வேலை.

அவள் கையில் இருந்தது ஒரு கிழவரின் புகைப்படம். ரென் போஷான். எழுபத்தொன்பது வயது. முப்பத்தொரு வருஷம் நிலக்கரி ரயில் ஓட்டியவர். இப்போது தன் பெயரே தெரியாது. எல்லாம் மறந்துபோகும் வியாதி. ஜூலை ஆறாம் தேதி மகள் ஹுய்லான் அவரை ஊர் சுற்றிப் பார்க்க இங்கே அழைத்து வந்தாள். காலை பதினொரு மணிக்கு, வடக்கு வாசல் கூட்டத்தில், பிடித்திருந்த கை நழுவிப் போய்விட்டது. வெள்ளை அரைக்கைச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட், துணிச் செருப்பு. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் ஆபீஸில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு ஹுய்லான் அழுத அழுகையில் கெங்கே தன் டீயை அவளிடம் தள்ளிவிட்டான்.

“வடக்கு வாசல் கேமராவைப் போலீஸ் பார்த்தாச்சு. அவர் வெளியே போகலை” என்றாள் லெய்.

“தெரியுமே. அதனால உள்ளேதான் இருக்கணும்னு வடக்குப் பக்கத் தெருவையெல்லாம் அவங்களும் தேடிட்டாங்க.”

“அவர் உள்ளே வந்ததுகூட அந்தக் கேமராவில இல்லை. அதை எவனும் கேட்கலை.”

கெங் ஷூவை மாட்டுவதைப் பாதியில் நிறுத்தினான்.

“முப்பத்தொரு வருஷம் ரயில் ஓட்டின ஆளு” என்றாள் லெய். “பேரு மறந்தாச்சு. வீடு மறந்தாச்சு. எது மறந்திருக்காது?”

“பென்ஷன் தேதி.”

“தண்டவாளம்.”

“இந்த ஊர்ல சைக்கிள் போகவே இடமில்லை. தண்டவாளத்துக்கு எங்கே போறது?”

“நட.”

நடந்தார்கள். ஊரை நீளவாக்கில் அறுத்துக்கொண்டு தெற்கு வாசல் வரை. அங்கே வாசல் வளைவுக்கு அடியில் லெய் நின்று, காலடியைக் காட்டினாள். எத்தனையோ நூறு வருஷமாகக் கோவேறு கழுதை வண்டிகள் போய் வந்து, சக்கரம் அறுத்து அறுத்து, பாறாங்கல்லில் நான்கு விரல் ஆழத்துக்கு இரண்டு பள்ளங்கள். இணையாக, நேராக, வாசலைத் தாண்டி வெளியே ஓடின.

கெங் குனிந்து பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தான்.

“அக்கா, உங்களை வேலையை விட்டு அனுப்பினவனைக் கூப்பிட்டு உதைக்கணும்.”

“நானா விட்டேன்.”

“அப்போ உங்களைத்தான்.”

வளைவு முடியும் இடத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் களித் துண்டுகள் விற்றுக்கொண்டிருந்தாள். காடியும் மிளகாய் எண்ணெயும் ஊற்றிக் கொடுப்பது. கெங் இரண்டு தட்டு வாங்கிவிட்டு, புகைப்படத்தை நீட்டினான்.

“அட, ரயில் பெரியவர்!” என்றாள் அவள், கரண்டியைக்கூட கீழே வைக்காமல். “இவரைத் தெரியாதவங்க இந்தத் தெருவில யாரு?”

“எங்கே பார்த்தீங்க?”

“இதோ, இங்கேதான். ஜூலையில. காலையில ஒன்பது மணிக்கு இந்தப் பள்ளத்துல ரெண்டு காலையும் வெச்சு நின்னார். பேட்டரி வண்டி வந்தா ஒதுங்க மாட்டார். கையைத் தூக்கி நிறுத்துவார். ‘சிக்னல் விழலை, நில்லு’ம்பார். வர்றவன் போறவன் எல்லாம் சிரிச்சு உருண்டான். நான் தண்ணி கொடுத்தேன், குடிச்சார். நிழல்ல உக்காருங்கன்னேன். ‘டூட்டி’ன்னார். ஒண்ணுக்குக்கூட அங்கேயே நின்னபடி போயிட்டார் பாவம்.”

“எவ்வளவு நேரம்?”

“பொழுது சாயற வரைக்கும்.”

“போலீஸுக்கு ஏன் சொல்லலை?”

“சொல்லப் போனா கடையை யாரு பார்க்கறது? யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னுதான் இருந்தேன்.” அவள் காடிப் புட்டியைத் துடைத்தாள். “ஆனா தம்பி, படத்துல ஒல்லியா இருக்காரே. அன்னிக்குக் குண்டா இருந்தார்.”

“வெயில்ல வீங்கியிருப்பார்.”

“அட நீ வேற. மூணு சட்டை போட்டிருந்தார், ஒண்ணு மேல ஒண்ணு. உள்ளே கம்பளிப் பனியன். பேண்ட்டே ரெண்டு. ஜூலை மாசத்துல! வேர்வை ஆறா ஓடுது. நான்தான் மேல் சட்டையைக் கழட்டிவிட்டேன்.”

லெய் தட்டை அப்படியே வண்டியின்மேல் வைத்தாள். “மூணு சட்டையா? நல்லா ஞாபகம் இருக்கா?”

“கழட்டினவளுக்கு ஞாபகம் இல்லாம போகுமா அம்மா?”

“அப்புறம் என்ன ஆச்சு?”

“சாயங்காலம் தியான் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். போட்டோ கடைக்காரன். பழைய காலத்து டிரஸ் எல்லாம் வாடகைக்கு விடுவானே, அவன். பெரியவர் இப்போ நல்லாத்தான் இருக்கார். வேலைகூடப் போட்டுக் கொடுத்திருக்கான்.”

‘வேலை’ என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

தியானின் கடை ஒரு பக்கச் சந்தில், பழைய வீட்டு முற்றத்தில் இருந்தது. வாசலில் வரிசையாகப் பட்டு அங்கிகள், காகிதக் கிரீடங்கள், ஒட்டுத்தாடிகள். உள்ளே அந்தக் காலத்து நீதிபதியின் மேடை மாதிரி ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். இரண்டு கல்லூரிப் பெண்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நீதிபதி அங்கியில் மேஜையைத் தட்டினாள். இன்னொருத்தி மூங்கில் பட்டையை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

அவர்களுக்கு நடுவில், முழங்காலிட்டபடி, கைதி.

கழுத்தைச் சுற்றிச் சதுரமான மரப்பலகை. நடுவில் இருந்த ஓட்டை வழியாகத் தலை மட்டும் மேலே. பின்னால் கயிற்றில் முடைந்த போலிப் பின்னல். பலகையின்மேல் குறுக்காக ஒட்டிய காகிதத்தில் குற்றம் எழுதியிருந்தது: ‘ரயிலைத் திருடியவன்.’

கெங்குக்குச் சிரிப்பு வந்தது. நன்றாக, சத்தமாகவே சிரித்துவிட்டான். பிறகுதான் கைதியின் முகத்தைப் பார்த்தான்.

பட்டை வைத்திருந்தவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, ரயிலை எங்கே ஒளிச்சு வெச்சே? சொல்லு!”

“டூட்டி முடியலை” என்றார் கிழவர், யாரையும் பார்க்காமல்.

பெண்கள் கைகொட்டினார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவள், “இன்னொரு தடவை சொல்லச் சொல்லு, வீடியோ எடுக்கலை” என்றாள்.

லெய் மேடையில் ஏறினாள். யாரிடமும் கேட்கவில்லை. பலகையின் கொக்கியைக் கழற்றி, இரண்டாகப் பிரித்து, கீழே போட்டாள். உள்விளிம்பில் வைத்திருந்த பஞ்சு கறுத்துக் கெட்டியாகியிருந்தது. கிழவரின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், தோல் உரிந்து, சில இடங்களில் ஈரமாக.

“ஹலோ, ஹலோ, மேடம்! யாரு நீங்க?” தியான் கேமராவோடு ஓடிவந்தான். வட்ட முகம், நல்ல சட்டை. கெட்டவன் மாதிரியே இல்லை.

“இவரைத் தேடி வந்தவங்க.”

தியான் ஒரு கணம் திகைத்தான். பிறகு அவன் கோபப்பட்டதுதான் கெங்குக்கு ஆச்சரியம்.

“எண்பது நாள் கழிச்சா? தெருவில நின்னுக்கிட்டிருந்தார் மேடம். பேண்ட்டெல்லாம் நனைஞ்சு. நான் குளிப்பாட்டினேன். மூணு வேளை சோறு போடறேன். படுக்கக் கட்டில் கொடுத்திருக்கேன். பலகை லேசான மரம், பஞ்சு வேற வெச்சிருக்கேன். அடிச்சேனா? கேளுங்க அவரை!”

“கேட்டா ‘டூட்டி’ம்பார்” என்றான் கெங். “நல்ல தொழிலாளி. லீவே கேட்க மாட்டார்.”

“அவர் யாருன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணினீங்களா?” என்றாள் லெய்.

“எதை வெச்சு? பையில ஒண்ணுமில்லை.” தியான் குரலைத் தாழ்த்தினான். “மேடம், நான் துணி வாடகைக்கு விடறவன். தையல் எனக்குத் தெரியும். அவர் சட்டைக் காலர்ல ஊசித் துவாரம் இருந்துச்சு, நாலு பக்கமும். பேரு, போன் நம்பர் எழுதின துணி தெச்சிருந்த இடம் அது. நூலைப் பிரிச்சு எடுத்திருக்காங்க. பிச்சு எடுக்கலை, ஒவ்வொரு தையலா பிரிச்சு எடுத்திருக்காங்க. மூணு சட்டையிலயும். தூக்கிப் போட்டதை எடுத்து வெச்சேன். அது தப்பா?”

லெய் கிழவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, முற்றத்து வெயிலில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். முழங்கால் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

கெங் நின்ற இடத்தில் சுவர் முழுக்க மாதிரிப் படங்கள். வாடிக்கையாளர்கள் விட்டுப்போன சிரிப்புகள்: புது மாப்பிள்ளைகள், பள்ளிக்கூடக் கும்பல்கள், நாக்கை நீட்டும் குழந்தைகள். எல்லாவற்றிலும் நடுவில் அதே பலகை, அதே வெறித்த முகம். கெங் ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். கீழ் வரிசையில் ஒரு படத்தில் மட்டும் கிழவர் சிரித்தார். பல்லெல்லாம் தெரிய, கண் இடுங்க, சிரித்தார்.

அவர் பக்கத்தில் நீதிபதி அங்கி போட்டு, ஒட்டுத்தாடி இல்லாமல், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். படத்தின் மூலையில் தேதி: ஆகஸ்ட் 19.

“அக்கா” என்றான் கெங். “இங்கே வாங்க.”

லெய் வந்தாள். பார்த்தாள். ஹுய்லானின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“மூணாவது சட்டையிலேர்ந்து. கூட்டத்துல கை நழுவிப் போற ஆளுக்கு யாரும் குளிர்காலத்துக்கும் சேர்த்து டிரஸ் போட்டுவிட மாட்டாங்க. விட்டுட்டுப் போறவங்கதான் போட்டுவிடுவாங்க.”

“அப்போ நம்மை எதுக்கு வெச்சா? நம்ம ஆபீஸுக்கு வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே அவ இங்கே வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கா. தொலைச்ச பொருளை வெச்ச இடம் தெரிஞ்சவ, தேட ஆளை வைப்பாளா?”

“போன் போடு. அப்பா கிடைச்சுட்டார்னு மட்டும் சொல்லு. எப்படி ‘அப்படியா’ங்கறான்னு கேளு.”

கெங் போன் போட்டான். மறுமுனையில் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகும், “எந்த இடத்துல?” என்று அவள் கேட்கவில்லை. “மூணு மணி ரயில்ல வரேன்” என்றாள்.

வந்துவிட்டாள். தெரு பெயரோ கடை பெயரோ யாரும் சொல்லாமலே நேராகச் சந்துக்குள் நுழைந்து முற்றத்துக்கு வந்தாள். நாற்பத்தாறு வயது. சுருட்டிக் கட்டிய முடி, கையில் துணிப்பை. இந்தத் தடவை அழவில்லை. அப்பா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைத் தூரத்தில் நின்றே பார்த்தாள்.

“கண்டுபிடிச்சுட்டீங்க” என்றாள். மழை வந்துவிட்டது என்று சொல்வதைப் போல.

“எங்களை ஏன் வெச்சீங்க?” என்றான் கெங். அதைக் கேட்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

“நெட்ல தேடினேன். தைய்யுவான்ல உங்களை மாதிரி இருபத்தாறு பேர் இருக்காங்க. உங்களுக்குத்தான் ஒரே ஒரு ஸ்டார். ‘என் நாயைக்கூடக் கண்டுபிடிக்கலை’ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார்.”

“அந்த நாய் செத்துப்போச்சுங்க” என்று முணுமுணுத்தான் கெங்.

“அண்ணனுங்க ரெண்டு பேரும் என்னைத் திட்டினாங்க. தேடினதுக்கு ஒரு பேப்பர் கேட்டாங்க. சொந்தக்காரங்க கேட்டா காட்டணுமாம். அப்பா கிடைக்கலைன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்க, அதோட முடிஞ்சுடும்னு நெனச்சேன். அதான் வடக்கு வாசல்னு சொன்னேன்.”

“அண்ணனுங்க எப்போ கடைசியா அப்பாவைப் பார்த்தாங்க?” என்றாள் லெய்.

ஹுய்லான் யோசித்தாள். நிஜமாகவே கணக்குப் போட வேண்டியிருந்தது. “பெரியவன் அதே ஊர்தான். ரெண்டு புத்தாண்டுக்கு முன்னாடி ஆரஞ்சு கொண்டு வந்தான். சின்னவன் ஷென்ஜென்ல. போன்ல பேசுவான். அப்பா போனைக் காதுல வெச்சுக்கிட்டு ‘எந்த ஸ்டேஷன்?’னு கேட்பார். அவன் வெச்சுடுவான்.”

“வியாதி வந்த பதினோரு வருஷமும் நீங்கதான் பார்த்தீங்களா?”

“நான்தான். ராத்திரி எழுந்து விசில் அடிப்பார். மூணு வீட்டுக்காரங்க காலி பண்ணச் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் நாலாவது வீட்டுக்கு வரலை. அதெல்லாம் பரவாயில்லை மேடம். ஜூலை அஞ்சாம் தேதி குளிப்பாட்டும்போது செவிட்டுல அறைஞ்சார். ‘யாருடி நீ, என் எஞ்சின்ல யாரு உன்னை ஏத்தினது, இறங்கு’ன்னார்.” அவள் துணிப்பையின் காதை முறுக்கினாள். “அன்னிக்கே இறங்கிட்டேன். எங்கே நிக்கச் சொன்னா நிப்பார்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல ஒரு தடவை என்னை இங்கே கூட்டிட்டு வந்து அந்தப் பள்ளத்தைக் காட்டினவரே அவர்தான். ‘சிக்னல் விழும் வரைக்கும் நகரக் கூடாது’ன்னு சொல்லிட்டு வந்தேன். நகரலை, இல்லையா?”

தியான் கடைக்குள் அங்கிகளை மடிப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தான்.

“ஆகஸ்ட்ல ஏன் வந்தீங்க?” என்றாள் லெய்.

“செத்துட்டாரான்னு பார்க்க. இந்தச் சந்துல சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பலகையில இருந்தார். முப்பது யுவான் கொடுத்து டிரஸ் போட்டு, பக்கத்துல போய் உக்காந்தேன். என்னைப் பார்த்துச் சிரிச்சார் மேடம். பதினோரு வருஷத்துல முதல் தடவை. நான் யாரோன்னு நெனச்சுத்தான் சிரிச்சார்.” அவள் சற்று நிறுத்தினாள். “கழுத்துப் புண்ணையும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் நல்லா தூங்கினேன்.”

கெங் லெய்யைத் தனியே இழுத்தான்.

“அக்கா, வேலை முடிஞ்சுது. கண்டுபிடிச்சாச்சு. கூட்டிட்டுப் போகட்டும் விடுங்க. இவளைப் பிடிச்சுக் கொடுத்தா, ஒண்ணுமே செய்யாத அண்ணனுங்க ரெண்டு பேர் சுத்தமானவங்களா வெளியே நிப்பாங்க. செஞ்சவ மட்டும் உள்ளே போவா.”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

லெய் அவனை விட்டு விலகி, ஹுய்லானுக்கு எதிரே போய் நின்றாள். கெங் எத்தனையோ பேரை அவள் விசாரித்துப் பார்த்திருக்கிறான். இவ்வளவு மெல்லிய குரலில் பேசிப் பார்த்ததில்லை.

“ஹுய்லான், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்கு இவரைக் கூட்டிட்டுப் போனா, மறுபடி எங்கேயும் விட்டுட்டு வரமாட்டேன்னு. சொன்னா போதும். நான் போயிடுவேன். எந்தப் பேப்பரும் இருக்காது.”

பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை அவள். அழுதுகொண்டே வடக்கு வாசலைச் சொன்னவள். கெங் மனதுக்குள் கெஞ்சினான்: சொல்லுடி, ஒரு வார்த்தை, சொல்லித் தொலை.

ஹுய்லான் அப்பாவைப் பார்த்தாள். அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிச் சாறைக் குடித்துக்கொண்டிருந்தார். தாடையில் வழிந்தது. அவள் கை தன்னிச்சையாகத் துடைக்கப் போவதுபோல் உயர்ந்து, திரும்பி வந்துவிட்டது.

“சொல்ல முடியாது மேடம்” என்றாள்.

லெய் போனை எடுத்தாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். தியான் முதலில் கத்தினான், பிறகு கெஞ்சினான், கடைசியில் கேமராவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றான். ஹுய்லான் அவர்கள் பின்னால் சந்துமுனை வரை நடந்தாள். ஜீப்பில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“தம்பி, எழுதிக்கோங்க.”

கெங் போனில் எழுதத் தொடங்கினான்.

“மாத்திரையை முழுசா விழுங்க மாட்டார், துப்பிடுவார். பொடி பண்ணித் தினைக் கஞ்சியில கலக்கணும், சூடா இருக்கக் கூடாது. இடது பக்கம் ஒருக்களிச்சாத்தான் தூக்கம் வரும். பாத்ரூம் கதவைச் சாத்தினா பயப்படுவார். ராத்திரி ரெண்டு தடவை எழுப்பி உக்கார வைக்கணும், இல்லைன்னா படுக்கை நனைஞ்சுடும். நகம் வெட்டும்போது பாட்டுப் பாடணும், எந்தப் பாட்டுன்னாலும் சரி. அடிச்சா திருப்பி அடிக்கக் கூடாது. கழுத்துக்கு மருந்து போடச் சொல்லுங்க.”

“போதுமா?” என்றார் போலீஸ்காரர்.

“இன்னும் இருக்கு” என்றாள் ஹுய்லான். ஆனால் கதவைச் சாத்திவிட்டார்கள்.

லெய் முற்றத்துக்குத் திரும்பிப் போய்க் கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெங் தான் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, பிழைகளைத் திருத்தி, நடந்ததையும் மேலே நான்கு வரியில் சேர்த்து, இரண்டு அண்ணன்களுக்கும் அனுப்பினான்.

ஷென்ஜென்காரனிடமிருந்து பதிலே இல்லை. பெரியவனிடமிருந்து பத்து நிமிஷத்தில் வந்தது.

‘படிச்சேன். இதையெல்லாம் யாரு செய்யறது?’